முப்பத்தோராம் தேதிக்கு உப்புக் கோயில் வேண்டாம்

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
செப்டம்பர் 14

சேசு மரி சூசை துணை

அன்பு மகன் ஹென்றிக்கு, சின்னம்மா யோசெப்பின் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் அந்தப் பொகோட்டா மலைக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க மாதா காக்கட்டும். நான் இங்கே நடமாடுகிறேன். அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

போனில் கதைத்தால் நீ அழுகிறாய், உன்னைக் கேட்டு நானும் அழுகிறேன், காரியம் ஒன்றும் முடிவதில்லை. அதனால் கையால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பொறுத்துக்கொண்டு வாசி. உன் கிறிஸ்தோப்பர் மாமாவின் மகள் ஷெரோன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

நீ அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. உன் காரில் சுற்றிப் பார்க்க ஏறுகிற வெள்ளைக்காரருக்கு எழுதுகிற மாதிரியே எனக்கும் எழுதியிருக்கிறாய். தனிக் கார், காலை ஏழு மணிக்கு வாசலில், வழியில் கோப்பி, மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் திரும்பவும் பொகோட்டா. ஒக்டோபர் முப்பதாம் தேதி ஓய்வு. முப்பத்தோராம் தேதி உப்புச் சுரங்கத்துக்குள் வெட்டிய கோயில். நவம்பர் முதலாம் தேதி அந்தக் காலத்து ராசா பொன் எறிந்த ஏரி. இரண்டாம் தேதி வில்லெட்டா, இரண்டு மணித்தியாலம். மூன்றாம் தேதி விமானம்.

மகன், நான் ஊர் பார்க்க வரவில்லை.

என் பிள்ளை றெக்ஸ் கிடக்கிற வில்லெட்டா சேமக்காலையில், சுவர்க்குழியில் நாலு வருடத்துக்கு மேல் ஒருவரையும் வைத்திருக்க மாட்டார்கள் என்று நீ சொன்னாய். எலும்பை எடுத்துச் சின்னப் பெட்டியில் போட்டு வேறொரு மாடத்தில் மூட வேண்டும், ஆள் வராவிட்டால் பொதுக்குழிதான் என்றாய். அன்றிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிட்டது இல்லை. எலும்பு எடுக்கிற நாள் முப்பத்தோராம் தேதி. அன்றைக்கு நீ தனியாக வில்லெட்டாவுக்குப் போகிறாய், என்னை உன் சிநேகிதனின் காரில் ஏற்றி உப்புக் கோயிலுக்கு அனுப்புகிறாய். நான் பார்த்தால் தாங்க மாட்டேன் என்று நினைத்துத்தான் செய்திருப்பாய். ஆனால் றெக்ஸை நான் பெற்றபோது உன் அம்மாவைத் தவிர வேறு ஆள் பக்கத்தில் இல்லை. அவன் தகப்பன் கடலில். அவனை எடுக்கும்போதும் நான் நிற்பேன். வெள்ளைத் துணி இங்கேயே வாங்கிவிட்டேன்.

உப்பில் எனக்குக் காட்ட ஒன்றுமில்லை, ராசா. பதின்மூன்று வயதில் மன்னார் உப்பளத்தில் இறங்கினவள் நான். வெடித்த காலில் சப்பாத்து ஏறாமல் கலியாணத்தன்று வெறுங்காலோடு கோயிலுக்குப் போனேன். உப்புக்குள் ஆண்டவர் இருந்திருந்தால் அப்போதே கண்டிருப்பேன்.

அந்த ஊரின் உயரத்தைப் பற்றி ஷெரோன் சொன்னாள். அவளுக்கு எல்லாம் கணக்குத்தான். மாமி, எங்கட மவுண்ட் றோயலை ஒண்டுக்கு மேல ஒண்டா பதினொண்டு அடுக்கினாத்தான் பொகோட்டா வரும், ஏறின உடன தலை சுத்தும், ஓடித் திரியக்கூடாது என்றாள். ஓடித் திரிகிற வயதா எனக்கு? டொக்டரும் பிரஷர் குளிசையைக் கூட்டித் தந்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிய சூசையப்பர் கோயிலுக்குப் போய் அந்தப் பெரிய படிகளில் ஏறிப் பழகுகிறேன். முதல் கிழமை அறுபதாவது படியில் நின்றுவிட்டேன். மூச்சு மேலுக்கும் இல்லை, கீழுக்கும் இல்லை. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன். முழங்காலில் ஏறுகிற ஒரு மனுசி நின்று என் முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

சின்ன வயதிலிருந்து மூச்சு முட்டுகிற வருத்தம் உள்ள பிள்ளை. கனடாவுக்கு வருகிற வழியில் இப்படியொரு மலை இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? காசு வாங்கி ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஊர்ப் பெயர்களைத்தான் சொன்னான். எது உயரம், எது பள்ளம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலையில் லீவு கிடைத்துவிட்டது. டவுன்டவுன் ஹோட்டலில் விரிப்பு மடிக்கிற இடத்தில் எங்கே போகிறாய் என்று மேலாள் கேட்டாள். கொலம்பியா என்றேன். வக்கான்ஸ் போகிறாயா என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். கூட வேலை செய்கிற ஹெய்ட்டிக்காரி அடுத்த நாள் ஒரு வெயில் தொப்பி கொண்டுவந்து என் தலையில் வைத்தாள். பத்து வருடத்தில் யோசெப்பின் இப்பதான் விடுமுறை எடுக்கிறாள் என்றார்கள். நான் என்ன சொல்ல? மெர்சி என்றேன்.

ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நீ அனுப்பிய படங்கள் என்னிடம் உண்டு. கல் தெரியாமல் மஞ்சள் பூவாக நிரப்பியிருப்பாய். சொந்தத் தம்பிக்குச் செய்கிற மாதிரிச் செய்கிறாய் என்று உனக்காகச் செபிப்பேன். புது மாடத்துக்குப் புதுக் கல் போடும்போது அவன் முழுப் பெயரும் பிறந்த நாளும் இருக்க வேண்டும். பழைய கல்லில் என்ன எழுத்து என்று ஒருக்கால் பூவை விலக்கிப் படம் எடுத்து அனுப்பு.

திட்டத்தை மாற்றி எழுது. முப்பத்தொன்றில் என்னை வில்லெட்டாவுக்குப் போடு.

ஆண்டவர் உன் கையையும் காலையும் ஸ்டியரிங்கையும் ஆசீர்வதிப்பாராக.

உன் சின்னம்மா
யோசெப்பின்


மொன்றியல்
செப்டம்பர் 29

ஹென்றிக்கு,

நான் கேட்ட படத்தை நீ அனுப்பவில்லை. பதினைந்து நாள் போனது. திட்டத்தை மட்டும் திரும்ப அனுப்பினாய், அதே உப்புக் கோயில், அதே ஏரி. எலும்பு எடுக்கிற இடத்துக்கு ஒரு ஆளைத்தான் விடுவார்கள் என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறாய்.

நேற்று ஷெரோன் சிரித்துக்கொண்டு குசினிக்குள் வந்தாள். எனக்கு என்ன சப்பாத்து வாங்கலாம், பாதை எப்படி என்று பார்க்க உன் கம்பனியின் பக்கத்தை இன்ரநெற்றில் தேடினாளாம். மாமி, இஞ்ச பாருங்கோ, ஹென்றி அண்ணைக்கு அங்க எங்கட றெக்ஸ் அண்ணாவின்ர பேரைத்தான் வைச்சிருக்கினம், பாசத்தில வைச்சதாக்கும் என்றாள். நான் மரக்கறி வெட்டிக்கொண்டு நின்றேன். கத்தியை வைத்துவிட்டு, வாசி என்றேன்.

வாசித்தாள். உன் காரில் வந்துபோனவர்கள் எழுதியது. றெக்ஸ் சொன்ன நேரத்துக்கு வாசலில் நின்றார். றெக்ஸ் நல்ல பகிடிக்காரன். என் தாய்க்குத் தலை சுற்றியபோது றெக்ஸ் காரை நிறுத்திச் சூடாகக் குடிக்க வாங்கிக் கொடுத்தார். மலைப்பாதையில் றெக்ஸ் மிகவும் கவனமாக ஓட்டினார், பயமே இல்லை. ஒருவர் இல்லை, நாற்பது ஐம்பது பேர். போன கிழமை எழுதினவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு நிமிடம், ஒரேயொரு நிமிடம், என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துவிட்டேன். யாரோ மாறிச் சொல்லிவிட்டார்கள், அவன் அங்கே கார் ஓட்டுகிறான் என்று நினைத்தேன். பிறகு ஷெரோன் படத்தைக் காட்டினாள். காருக்குப் பக்கத்தில் நிற்பது நீ. நெஞ்சில் குத்தியிருக்கிற பெயர் அவனுடையது.

அந்த ஒரு நிமிடத்தை எனக்குத் தந்ததற்கு உன்னை நான் என்ன செய்ய வேண்டும் சொல்.

மஞ்சள் பூப் படங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். ஷெரோன் ஒவ்வொன்றாகப் போனில் பெருப்பித்துப் பார்த்தாள். இரண்டாவது வருடப் படத்தில் ஒரு மூலையில் பூ காணாமல் போயிருக்கிறது. அங்கே தெரிகிற எழுத்துகள் றெக்ஸின் பெயரில் இல்லை என்றாள்.

நாலு வருடம் பாசம் என்று நினைத்து நான் கும்பிட்ட பூ அது. பெயரை மூடத்தானா வைத்தாய்?

எனக்குத் திட்டம் வேண்டாம். கோப்பி வேண்டாம், மத்தியானச் சாப்பாடு வேண்டாம். அந்தக் கல்லுக்குள் யார் பெயரில் என் பிள்ளை கிடக்கிறான்? நீ ஏன் அவனாக நடமாடுகிறாய்? இதற்கு மட்டும் பதில் வேண்டும். உன் அம்மாவுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் நாலு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு போனில் கதைத்தாளா?

உனக்காகச் செபிக்க இன்றைக்கு வாய் வரவில்லை. மாதாவுக்கு எது சரியாகப் படுகிறதோ அதைச் செய்யட்டும்.

யோசெப்பின்


மொன்றியல்
ஒக்டோபர் 19

சேசு மரி சூசை துணை

மகன் ஹென்றி,

நீ கதைத்து அனுப்பியதைக் கேட்டேன். முதல் தரம் வேலைக்குப் போகிற மெற்றோவில் போனைக் காதில் வைத்துக் கேட்டேன். இறங்க வேண்டிய இடம் போனது தெரியவில்லை. பிறகு வீட்டில் மூன்று தரம் கேட்டேன். நீ சொன்னதை நானே எழுதிப் பார்க்கிறேன், பிழை இருந்தால் திருத்து.

பொகோட்டாவில் மூன்றாம் மாடியில் ஒரு அறை. ஏஜென்சிக்காரன் அடுத்த வழி சொல்லும்வரை காத்துக்கொண்டு நீங்கள் நாலு பொடியன்கள். மூன்றாவது கிழமை றெக்ஸுக்கு முட்டுத் தொடங்கியது. வாயில் அடிக்கிற பம்ப் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வரும், பாஸ்போட்டைப் பிடுங்கும் என்று மூன்று நாள் அறையிலேயே வைத்திருந்தீர்கள். போவம் என்று நீ சொன்னாய். விசா கெட்டுப்போகும், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறா, பொறுப்பம் என்று அவன்தான் சொன்னான். நாலாம் நாள், கீழே இறங்க இறங்க மூச்சு வரும் என்று கடைக்காரன் சொன்னதைக் கேட்டு நீ அவனைப் பஸ்ஸில் ஏற்றினாய். வில்லெட்டா ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது பாஸ்போட். அவனுடையதில் விசா இன்னும் மூன்று மாதம் இருந்தது, உன்னுடையதில் இரண்டு நாள். பதிந்தால் உன்னுடையது கெடட்டும், தாயிடம் போக வேண்டியவன் அவன், அவனுடையது சுத்தமாக இருக்கட்டும் என்று உன் பாஸ்போட்டை எடுத்துக் கொடுத்தாய். பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், முகம் ஒரே வார்ப்பு. அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவன் மூச்சோடு உள்ளே போனபோதே ஹென்றியாகத்தான் போனான். அன்று பின்னேரம் ஹென்றி செத்துப்போனான். உன் பையில் மிஞ்சியது றெக்ஸ்.

இவ்வளவுதானே? இதைச் சொல்ல உனக்கு நாலு வருடம் எடுத்தது.

உன் அம்மாவோடு கதைத்தேன். கதைத்தேன் என்பதைவிடக் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கள்ளி, கூடப் பிறந்தவளா நீ என்று கேட்டேன். சிசிலி அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். கடைசியில் சொன்னாள், கிராமசேவகர் ரெண்டு பேரோட வந்து உன்ர மகன் செத்திட்டான், இதில ஒப்பம் வையெண்டு நிண்டார், முதல் நாள்தான் என்ர பிள்ளை போனில கதைச்சவன், நான் ஒப்பம் வைச்சன் யோசெப்பின், உன்ர பிள்ளையை நினைச்சுத்தான் அழுதன், அவங்களுக்கு என்ன தெரியும், தாய் அழுகிறாளெண்டு போயிட்டாங்கள் என்று. பிறகு தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அவன் இனி ஊருக்கு வரேலாதடி, செத்தவன் எப்பிடி வாறது, உனக்கு எலும்பாவது இருக்கு என்றாள்.

உனக்கு எலும்பாவது இருக்கு. என் அக்கா சொன்ன வார்த்தை. கோபத்தில் போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து நானே எடுத்தேன்.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கிறிஸ்தோப்பர் மாமாவுக்கு மட்டும் தெரியும். ஷெரோனுக்குத் தெரியாது. றெக்ஸுக்கும் நான் சொன்னதில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது றெக்ஸுக்குப் பதினாறு வயது. உன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். இங்கே வந்து அகதி போம் நிரப்புகிற ஒருவரிடம் போனேன். பிள்ளைகள் எத்தனை என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்று என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு, அக்கா, பிள்ளை இருக்கெண்டு போட்டால் ஊர் அவ்வளவு பயமெண்டால் அவனை ஏன் விட்டிட்டு வந்தனீங்கள் எண்டு கேப்பினம், கேஸ் உடைஞ்சிடும், இப்ப இல்லையெண்டு போடுவம், பேந்து கூப்பிடலாம் என்றார். அந்தக் கட்டத்துக்குள் ஒரு சைபர் போட்டார். நான் கீழே ஒப்பம் வைத்தேன். ஒரு சைபர்தானே, பிறகு அழித்துவிடலாம் என்று நினைத்தேன், மகன்.

கேஸ் வென்றது. பேப்பர் கிடைத்த அடுத்த மாதமே அவனைக் கூப்பிடப் போனேன். முதலில் சொல்லாத பிள்ளையைப் பிறகு சேர்க்க முடியாது என்று கடிதம் வந்தது. ஷெரோனின் தகப்பன் வாசித்துச் சொன்னான். என் கையெழுத்தில் எனக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் ஏஜென்சி. அதனால்தான் அந்த மலை. ஏன் அம்மா ஸ்பொன்சர் சரிவரவில்லை என்று அவன் ஒவ்வொரு தரமும் கேட்பான். அவங்கள் இழுத்தடிக்கிறாங்கள் ராசா என்று சொல்வேன். அந்த நம்பிக்கையோடுதான் மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அறையில் இருந்திருக்கிறான்.

நீ அவனுக்கு உன் பெயரைக் கொடுத்தாய். நான் அவன் இருந்த இடத்தில் சைபர் போட்டேன். உன்னைக் கேள்வி கேட்க நான் யார்?

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. சில நாள் காலையில் விரிப்பு மடிக்கும்போது மன்னித்த மாதிரி இருக்கும். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவுடன் போய்விடும்.

இந்தக் கோபத்தில் நான் என்ன செய்ய நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வில்லெட்டா சேமக்காலைக்காரரிடம் உண்மையைச் சொல்லி, இவன் என் பிள்ளை றெக்ஸ் என்று கல்லை மாற்றி வைக்கச் சொல்ல நினைத்தேன். எப்படிச் சொல்வது என்று ஸ்பானிஷில் எழுதித் தரும்படி ஷெரோனைக் கேட்டேன். அவள் எழுதவில்லை. மாமி, நீங்கள் அதைச் சொன்னால் அண்ணைக்கு அங்க கார்ட் இல்லை, லைசென்ஸ் இல்லை, வேலை இல்லை, அந்தச் சின்னப் பிள்ளைக்குத் தகப்பனே இல்லை, ஆளைப் பிடிச்சு அனுப்பினாலும் ஊரில செத்த ஆள், எங்க போறது என்றாள். இருபது வயதுப் பெட்டைக்கு எனக்கு முதல் விளங்கியிருக்கிறது.

உன் மகளின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் றெக்ஸ் என்று சொன்னாயே. அன்று முழுதும் அதையே நினைத்தேன். இந்த நாட்டுப் பேப்பரில் எனக்குப் பிள்ளை இல்லை. அந்த நாட்டுப் பேப்பரில் எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள்.

சரி. வேலையைப் பார்ப்போம். எலும்பை வாங்க உறவுக்காரர் ஒப்பம் வேண்டும் என்றாய். சிசிலி அக்கா மன்னாரில் ஒரு நொத்தாரிசிடம் போய், இறந்த என் மகன் ஹென்றியின் எலும்பை என் கூடப்பிறந்த தங்கை யோசெப்பின் பொறுப்பெடுக்கலாம் என்று எழுதி ஒப்பம் வைத்து அனுப்பியிருக்கிறாள். உயிரோடு இருக்கிற பிள்ளையை இரண்டாம் தரமும் செத்தவன் என்று எழுதிக் கொடுத்தாள், எனக்காக. ஆனபடியால் ஹென்றியின் சின்னம்மாவாக வருகிறேன். அதில் பொய் இல்லைத்தானே.

என் திட்டம் இது. உன்னுடையதைக் கிழித்துப் போடு.

இருபத்தொன்பதாம் தேதி பின்னேரம் வந்து சேருகிறேன். முப்பது ஓய்வு, அதற்கு மறுப்பில்லை. டொக்டரும் அதைத்தான் சொன்னார்.

முப்பத்தொன்று காலை ஆறு மணிக்கு, நீங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறிய இடத்திலிருந்து புறப்பட வேண்டும். அந்தப் பஸ் போன பாதையால் போ, வேறு நல்ல ரோட்டு இருந்தாலும் வேண்டாம். வழியில் எங்கேயும் காட்சி காட்டாதே. அவன் எந்தப் பக்கக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான் என்று மட்டும் சொல், நான் அந்தப் பக்கம் இருக்கிறேன். எலும்பு எடுக்கிற இடத்துக்கு ஒரு ஆள்தான் என்றால் அந்த ஆள் நான். நீ வெளியே நில். துணியை நானே விரிப்பேன். துணி விரித்து மடிக்கத்தான் எனக்கு இந்த நாட்டில் சம்பளம் தருகிறார்கள்.

முதலாம் தேதி ஏரி வேண்டாம். பொன்னை எறிந்தவன் கதை எனக்கு எதற்கு? அந்த மூன்றாம் மாடி அறையைக் காட்டு. இப்போது யார் இருந்தாலும் வாசலில் நின்றுவிட்டு வருகிறேன். படிகள் எத்தனை என்றாலும் ஏறுவேன். சூசையப்பர் கோயிலில் இப்போது முழுவதும் ஏறி முடிக்கிறேன், இரண்டு இடத்தில் மட்டும் நிற்கிறேன்.

இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று முழுநாளும் வில்லெட்டா. இரண்டு மணித்தியாலம் என்று எழுதாதே, பூட்டும்வரை. உன் மனைவியும் பிள்ளையும் வரட்டும். மெழுகுதிரி நான் கொண்டுவருகிறேன். வெயில் ஊர் என்றாயே, ஹெய்ட்டிக்காரி தந்த தொப்பியும் கொண்டுவருகிறேன்.

எலும்பை இங்கே கொண்டுவர நினைத்தேன், விட்டுவிட்டேன். எல்லையில் யாருடையது என்று கேட்டால் எந்தப் பேப்பரைக் காட்டுவேன்? அவன் அந்தக் கீழூரிலேயே இருக்கட்டும். அங்கே அவனுக்கு மூச்சு வரும்.

புதுக் கல்லில் அவர்களுடைய எழுத்தில் ஹென்றி என்றே வெட்டட்டும், பத்திரத்தில் உள்ளபடி. அதற்குக் கீழே தமிழில் றெக்ஸ் என்று வெட்ட வேண்டும். எழுதித் தர அங்கே ஆள் இருக்காது. இந்தத் தாளின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன், அதன் மேல் வைத்து வெட்டச் சொல். கேட்டால் எங்கள் ஊர்ப் பூ வேலை என்று சொல். அந்த ஊரில் அதை வாசிக்க நீ ஒருவன்தான். வருடத்தில் ஒரு நாள் போய் வாசி. இனி அதன் மேல் பூ வைக்காதே. பக்கத்தில் வை.

கடைசியாக ஒன்று. பெயர் குத்தின கம்பனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு எயார்போட்டுக்கு வர மாட்டேன், வேறு சட்டையில் வருகிறேன் என்று அழுதாய். வேண்டாம். அதையே போட்டுக்கொண்டு வா. எனக்கு இங்கிலீஷ் வாசிப்பு கொஞ்சம்தான், ஆனால் அந்தப் பெயரின் எழுத்துகள் தெரியும். கதவு திறந்ததும் அதைத் தேடித்தான் வருவேன்.

உன் மகளுக்கு என் முத்தம். உனக்கு என் ஆசீர், மனதில் மிஞ்சியிருக்கிறதெல்லாம். மலைப்பாதையில் மெதுவாக ஓட்டு, ராசா. பாரமான லொறிகளுக்கு வழி விடு, நித்திரைத் தூக்கத்தில் ஓட்டாதே, தடிமன் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தப் பெயரை வைத்திருக்கிறாய். அந்தப் பெயரில் சாவுச் செய்தி எனக்கு ஒரு தரம் வந்துவிட்டது. இரண்டாம் தரம் வரக்கூடாது.

உன் சின்னம்மா
யோசெப்பின்